மூன்று மாடி இறங்கி ஆற்றுக்கு

ரஷீத் ஊர்ப் படகுத்துறையில் இன்ஸாஃபைத் தெரியாதவர்கள் கிடையாது. அவளைக் கட்டிக்கொண்ட கதையை அவள் புருஷன் ஷிஹாத்தா ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததே அதற்குக் காரணம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரக்குச் சேர்த்துத்தான் சொல்வான். ஆனாலும் கதையின் எலும்பு உண்மை.

அன்று ஷம்முன் நஸீம். நோன்பு முடித்த கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே கூட்டமாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிடும், ஈஸ்டருக்கு மறுநாளான வசந்தத் திங்கட்கிழமை. இளங்காற்றை முகரும் நாள் என்று பெயர். ஆனால் காற்றில் பாதி உப்பு மீன் வாசம்தான் இருக்கும். இன்ஸாஃபுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா, அம்மா, அத்தைமார், தம்பிகள், பானை நிறைய உப்பில் ஊறிய மடவை மீன், ஒரு கட்டு வெங்காயத்தாள், சாயம் போட்ட முட்டைக் கூடை என்று குடும்பமே அபூ மந்தூர் மேட்டுக்குப் போகப் படகேறியிருந்தது. படகுக்காரன் ஷிஹாத்தா அதற்குப் பிறகும் ஆளை ஏற்றிக்கொண்டே இருந்தான். "இடிச்சுக்கிட்டு உக்காருங்க, இன்னிக்கு எல்லாரும் சொந்தக்காரங்கதான்!" என்று கத்தினான்.

இன்ஸாஃப் விளிம்புக்கு வெளியே கையை விட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அப்பா, எல்லாரும் இறங்குங்க. நாலு விரல் வைக்கக்கூட இடமில்ல, தண்ணி விளிம்பைத் தொட வந்துடுச்சு."

"ஏம்மா, படகு என்னுதா உன்னுதா?" என்றான் ஷிஹாத்தா.

"படகு உன்னுது. உசுரு என்னுது."

அவள் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வலை பின்னிப் பிழைத்த அவள் அப்பாவுக்கு மகளின் கண்மேல் நம்பிக்கை உண்டு, அவரும் இறங்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராய் இறங்க, பாதிப் படகு காலி. ஷிஹாத்தா அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டான். மறுநாள் மாலை சவரம் செய்து, வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"உங்க பொண்ணு என் படகைக் காலி பண்ணிட்டா, மாமா. இனி அதை நிரப்ப வேண்டியதும் அவதான்."

அப்படி ஆனது கல்யாணம்.

படகுக்காரன் குடும்பத்தைப் பொறுத்தவரை பண்டிகை ஊராருக்குத்தான். எல்லாரும் புல்லில் துணி விரித்து உட்காரும் நேரத்தில் ஷிஹாத்தா இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் சுமந்துகொண்டிருப்பான். ஆனால் பிற்பகல் தொழுகை முடிந்து கூட்டம் கொஞ்சம் வடிந்ததும், துறையில் மூட்டையோடு காத்திருக்கும் இன்ஸாஃபையும் மகள் நவ்வாராவையும் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போவான். துடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டு, படகைத் தண்ணீரின் இஷ்டத்துக்கு விட்டுவிடுவான். மீனின் தோலை உரித்து, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியில் வைத்து மூவரும் தின்பார்கள். கை நாறும், வாய் நாறும், படகே நாறும். நவ்வாரா முட்டையை அப்பாவின் நெற்றியில் தட்டி உடைப்பாள். அவன் ஒவ்வொரு தடவையும் செத்துவிழுவான்.

நவ்வாரா வளர்ந்து சூயஸ் ஊருக்குக் கல்யாணமாகிப் போனாள். அதற்கு மறு வருஷம், படகு கட்டும் துறையில் பழுதுபார்க்க ஏற்றி வைத்திருந்த ஒரு பெரிய மீன்பிடிப் படகின் முட்டுக்கட்டை நழுவியது. கீழே குனிந்து பிசின் பூசிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் தாவித் தப்பினார்கள். அவர்களோடு கூலிக்குப் போயிருந்த ஷிஹாத்தாவின் இடுப்பு மாட்டிக்கொண்டது. அலெக்ஸாந்திரியா ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீடு மூன்றாவது மாடி. குறுகலான பழைய கல் படிக்கட்டு. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டவர்கள் இறங்கிப் போனதும் ஷிஹாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஜன்னலைச் சாத்தச் சொன்னான். அந்த ஜன்னல் ஆற்றுக்குப் போகும் சந்தைப் பார்த்திருந்தது; எட்டிப் பார்த்தால் சந்தின் முனையில் ஒரு கைக்குட்டை அளவு தண்ணீர் தெரியும்.

படகைக் கொஞ்ச நாள் ஒரு தூரத்துச் சொந்தக்காரனிடம் விட்டார்கள். அவன் கரையில் மோதி, படகின் மூக்கான அணியத்தைப் பிளந்து கொண்டுவந்து கட்டினான். அன்று இன்ஸாஃப் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனாள். பெண் ஒருத்தி துடுப்புப் போட்டு அந்தத் துறை பார்த்ததில்லை.

"உம்மு நவ்வாரா, அது துடுப்பு. அகப்பை இல்ல!" என்று நவ்வாராவின் அம்மாவைப் பார்த்து ஒருவன் கத்தினான்.

"தெரியும்டா. அகப்பையா இருந்தா உன் மண்டையில போட்டதும் உடைஞ்சிடும். இது உடையாது."

துறை முழுக்கச் சிரித்தது. கேட்டவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் படகு வரும்போது கயிறு பிடித்துக் கட்டிக்கொடுப்பவனும் அவனே ஆனான். முதல் மாதம் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது. புருஷனுக்குக் காட்டாமல் இருக்க, சோறு வைக்கும்போது கையில் துணி சுற்றிக்கொள்வாள். அவன் பார்த்தானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அவன் எதையும் கேட்பதில்லை.

அந்த வருஷத்து ஷம்முன் நஸீமுக்கு முந்தின நாள் அவள் கேட்டாள். "கீழ் வீட்டு பிஷாராவும் பசங்களும் இருக்காங்க. நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டு வந்துடுவாங்க. ஒரு நாழி ஆத்துல இருந்துட்டு வரலாம், ஷிஹாத்தா."

"மேசை நாற்காலி மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போறதை ஊர் பார்க்கணும். அதானே?"

"ஊரு எதைத்தான் பார்க்கல?"

"நீ போ. உனக்குத் தொழில் இருக்கு."

ஷம்முன் நஸீம் வழக்கப்படி அன்றிரவு அவன் தலையணைக்குக் கீழே ஒரு வெங்காயம் வைத்திருந்தாள். விடியற்காலையில் அதை எடுத்து வீசியெறிந்தான். அது உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. சில வாரம் கழித்துப் பெருக்கும்போது, வெளிச்சமே இல்லாத அந்த மூலையில் அது முளைவிட்டு, வெளிறிய இரண்டு தாள் நீட்டிக்கொண்டு கிடந்தது. இன்ஸாஃப் அதை நறுக்கி அவனுக்கே பீன்ஸ் மசியலில் போட்டுக் கொடுத்தாள்.

பண்டிகையன்று சாயங்காலம் அவள் வாங்கி வந்த மீனையும் அவன் தொட்டிருக்கவில்லை. ஆற்றிலிருந்து திரும்பிய அவள் பக்கத்தில் வந்ததும் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டான். தன் மேல் அவனுக்கு ஏதோ கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தன் துடுப்பை எடுத்தவள் என்ற கோபமாக இருக்கலாம். ஆண்பிள்ளைக்கு அது இருக்கத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் வசந்தம் மழையோடு வந்தது. கீழ் வீட்டுத் தச்சன் பிஷாரா வீட்டில் பெரிய நோன்பு முடியப்போகிற வாரம். அவன் மனைவி தெமியானா பண்டிகைக்கு மாவுப் பணியாரம் சுட்டு, படிக்கட்டு முழுக்க நெய் மணந்துகொண்டிருந்தது. இன்ஸாஃப் இரண்டு நாளாய் நனைந்துகொண்டே துடுப்புப் போட்டிருந்தாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. நண்பகலில் வீடு வந்தவள் அடுக்களையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். சுவர் சாய்வது போல் இருந்தது. பிறகு தரை கன்னத்தில் குளிர்ந்தது.

"இன்ஸாஃப்?" என்று உள்ளிருந்து குரல். "இன்ஸாஃப்! என்ன விழுந்துச்சு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு தரையில் எதையோ இழுத்துக்கொண்டு வரும் சத்தம், நின்று நின்று. மூட்டையை யார் இழுக்கிறார்கள் என்று காய்ச்சல் மயக்கத்தில் யோசித்தாள். கண்ணைத் திறந்தபோது ஷிஹாத்தாவின் முகம் அவள் முகத்துக்கு நேராகத் தரையில் இருந்தது. முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மண்கூஜாவைச் சாய்த்து அவள் நெற்றியில் தண்ணீர் விட்டான்.

"ஏண்டி, கொதிக்குதே உடம்பு. பேசு. ஏதாவது திட்டு."

அவளால் முடியவில்லை. அவன் மறுபடி இழுத்துக்கொண்டு போனான். ஜன்னல் சட்டத்தைப் பிடித்து அவன் உடம்பைத் தூக்குவதை அவள் கிடந்தபடி பார்த்தாள். இரண்டு வருஷமாய்ச் சாத்தியிருந்த பலகைக் கதவை முஷ்டியால் குத்தித் திறந்தான். வெளிச்சம் உள்ளே கொட்டியது.

"பிஷாரா! டேய் பிஷாரா!"

அக்கரையில் நிற்கும் ஆளை இக்கரையிலிருந்து கூப்பிடும் குரல் அது. சந்தில் வண்டிக்காரன் கழுதையை நிறுத்தினான். பீன்ஸ் விற்பவன் கரண்டியை நிறுத்தினான். இன்ஸாஃப் தான் படகில் படுத்திருப்பதாகவும், புருஷன் கூட்டத்தைக் கூவி அழைப்பதாகவும் நினைத்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிஷாரா தலைமயிரில் மரச்சீவலோடு மூன்று மாடியும் ஓடி ஏறி வந்தான். டாக்டரும் வந்தார். நெஞ்சுச் சளிக் காய்ச்சல் என்று ஊசி போட்டார். தெமியானா பணியார மாவை மகன்களிடம் விட்டுவிட்டு இன்ஸாஃப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல தெமியானா, போய் உன் பண்டிகையைப் பாரு" என்றதற்கு, "சும்மா கிட. பசங்க சுட்டா கருகத்தான் செய்யும், கருகினதை உன் புருஷனுக்குக் கொடுத்துடுவோம்" என்றாள்.

ஷிஹாத்தா கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னான். டாக்டர் வந்தால் பார்க்க வேண்டுமாம். டாக்டர் வந்து போன பிறகும் கட்டில் அங்கேயே இருந்தது. சந்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ரய்யிஸ் ஷிஹாத்தா! உயிரோடதான் இருக்கீங்களா?" என்று, படகுத் தலைவனுக்குரிய மரியாதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான் துறையில் கயிறு கட்டும் அந்தப் படகுக்காரன்.

"உன் கல்யாணத்துல ஆடிட்டுத்தான் போவேன்னு இருக்கேன். பொண்ணு கெடைச்சாளா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்கு ஆயுசு கெட்டி."

படுக்கையில் கிடந்த இன்ஸாஃப் அதைக் கேட்டுப் போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் நெஞ்சு வலித்தது. பரவாயில்லை என்று சிரித்தாள்.

ஈஸ்டர் ஞாயிறு மாலைக்குள் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பில்தான் பலம் இல்லை. கீழிருந்து வந்த தட்டில் இருந்த பணியாரத்தை இருவரும் தேநீரில் தோய்த்துத் தின்றார்கள். நாளைக்கு என்ன நாள் என்று இருவருக்கும் தெரியும். இன்ஸாஃப் வாயைத் திறப்பதில்லை என்று முடிவோடு இருந்தாள்.

"காத்து எந்தப் பக்கம்?" என்றான் அவன்.

"ஜன்னல்ல இருக்கிறது நீ. என்னைக் கேக்குற?"

"வடக்குக் காத்துதான். மெல்லிசா இருக்கு." கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "படகு இத்தனை நாளா கட்டியே கெடக்கு. நாளைக்கு நீ எறக்காம இருக்க மாட்ட. உன்னை எனக்குத் தெரியும்."

"ஒரு நாழி போய்ப் பார்த்துட்டு வருவேன்."

"இந்த உடம்போட தனியாவா? மயங்கி ஆத்துல விழுந்தா? அங்க எந்த ஜன்னல்ல இருந்து நான் கத்துறது?" அவன் அவளைப் பார்க்காமல் சந்தைப் பார்த்தான். "பிஷாராவைக் கூப்பிடு. உனக்குத் துணைக்கு ஆள் வேணும்."

அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "ஆமா. துணை இல்லாம போறதுக்கு எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். வாழ்க்கையில் ஆற்றைக் கண்டு அவள் பயந்ததே இல்லை.

காலையில் இன்ஸாஃபின் கல்யாணச் சீர் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, மார்பைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். முன்னால் பிஷாரா, பின்னால் அவன் இரண்டு மகன்கள். முதல் திருப்பத்திலேயே நாற்காலிக் கால் கைப்பிடிச் சுவரில் இடித்தது.

"மெதுவாடா! நான் என்ன அலமாரியா?"

"அலமாரியா இருந்தா பூட்டிச் சாவியைப் பையில போட்டிருப்பேன். உன் வாய்க்குப் பூட்டு ஏது?"

இரண்டாவது மாடியில் கதவுகள் திறந்தன. ஷிஹாத்தா சட்டென்று சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். பின்னால் மெல்லப் படியிறங்கிய இன்ஸாஃப் அப்படியே நின்றுவிட்டாள். திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிடுவானோ? யாரும் பரிதாபமாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். இரண்டாம் மாடிக்காரி கையில் முட்டைச் சட்டியோடு நின்றிருந்தாள்.

"ரய்யிஸ், நல்ல நாள்! எங்க வீட்டு ஆளையும் இப்படித் தூக்கிட்டுப் போனா நல்லாருக்கும். இன்னும் எழுந்திருக்கல, சோம்பேறி!"

சால்வைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு சால்வை தோளுக்கு இறங்கிவிட்டது.

துறையில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் துணி விரிப்பு, கீரைக் கட்டு, வெங்காயம், மீன். இன்ஸாஃபுக்கு அதற்குள் மூச்சு வாங்கியது. துடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. பிஷாராவைப் பார்த்தாள். கல்லறைக்குப் போனாலும் தண்ணீருக்குப் போக மாட்டான் அவன், நீச்சல் தெரியாது.

"நான் மரத்தை அறுப்பேன், ஆணி அடிப்பேன். ஆத்துக்கெல்லாம் வர மாட்டேன், தாயே."

"யாரையும் கூப்பிட வேணாம்" என்றான் ஷிஹாத்தா. "எனக்கு ஒடைஞ்சது இடுப்பு. கையில்ல. முதுகுக்கு ஒரு சாய்மானம் மட்டும் வேணும்."

பிஷாரா படகில் துடுப்புப் போடுபவன் உட்காரும் பலகையைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். ஷிஹாத்தாவைத் தூக்கிப் புல்லில் உட்காரவைத்துவிட்டு, மகனை ரம்பம் எடுத்துவர அனுப்பினான். இன்ஸாஃபுக்கு விஷயம் விளங்குவதற்குள் நாற்காலியின் ஒரு கால் தரையில் கிடந்தது.

"அடப்பாவி! எங்கம்மா கொடுத்த சீரு! ஆறு நாற்காலியில ஒண்ணு!"

"இன்னும் அஞ்சு இருக்கே" என்றான் பிஷாரா, இரண்டாவது காலை அறுத்தபடி.

கால் இல்லாத நாற்காலியைப் பலகைமேல் வைத்து ஆணி அடித்தான். ஷிஹாத்தாவைத் தூக்கி அதில் வைத்தார்கள். அவன் கால்கள் நழுவாமல் இன்ஸாஃப் தன் தலைச் சால்வையால் சேர்த்துக் கட்டினாள். கட்டும்போது அந்தப் பாதங்களைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் கண் முழுக்கத் துடுப்பில் இருந்தது.

முதல் நாலைந்து இழுவை கோணலாய்ப் போனது. படகு வட்டமடித்தது. கரையில் யாரோ, "ரய்யிஸ், ஆறு இந்தப் பக்கம் இருக்கு!" என்று கத்த, "என் ஆத்தை எனக்குக் காட்டாதடா!" என்று பதில் போனது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. மெலிந்துபோன புஜம் நடுங்கியது. போதும் என்று சொல்ல இன்ஸாஃபின் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்ல மெல்லப் படகுக்குப் பழைய நடை வந்தது. துறைச் சத்தம் தேய்ந்தது. அக்கரைப் பேரீச்சந்தோப்பு நெருங்கியது.

நடு ஆற்றில் அவன் துடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டான். சட்டை முழுக்க வேர்வை. மூச்சு அடங்க வெகுநேரம் ஆனது.

அவள் மீனை உரித்து, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியில் சுருட்டிக் கொடுத்தாள். அவன் ஒரே கடியில் பாதியை விழுங்கினான். தாடியில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"போன வருஷம் இந்த நாள்ல நீ வீட்டுக்கு வந்தப்ப, உன் துணியெல்லாம் இந்த வாசம்" என்றான். "நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். கவனிச்சியா?"

"கவனிச்சேன். என்மேல கோவம்னு நெனச்சேன்."

"உன்மேலயா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நான் இல்லாமலே ஆறு ஓடுதேன்னு இருந்துச்சு. சனங்க வர்றாங்க, தின்றாங்க, சிரிக்கிறாங்க, சாயங்காலம் எந்திரிச்சுப் போறாங்க. ஒருத்தனுக்கும் ஒண்ணும் குறையல. உன்கிட்ட எனக்கு என்னடி கோவம்? உன் கையைப் பார்த்துட்டு ராத்திரி பூரா தூங்காம கெடந்திருக்கேன்."

அவள் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். காய்த்துப்போய் மரப்பட்டை மாதிரி இருந்தது. அவன் அதை இழுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். இப்போது அவனுடையதுதான் மிருதுவாய் இருந்தது.

"பரவாயில்ல. நீதான் படகுக்காரன்" என்றான்.

கூடையிலிருந்து ஒரு சிவப்பு முட்டையை எடுத்து அவன் நெற்றியில் அவள் மெல்லத் தட்டினாள். உடையவில்லை. "பலமா அடி, நோயாளி" என்றான். பலமாய் அடித்தாள்.

வெயில் சாய்ந்தபின் கரைக்கு வந்தார்கள். அங்கேதான் சிக்கல். நாற்காலி படகோடு ஆணி அடித்துக் கிடக்கிறது. மூன்று மாடிக்கு எதில் தூக்குவது? பிஷாரா தலையைச் சொறிந்தான். கடைசியில் அவனை முதுகில் சுமந்துகொண்டு போய்க் கீழ்த் தளத்துத் தச்சுப் பட்டறையில் இறக்கினான். அங்கே ஒரு கல்யாண வீட்டுக்குச் செய்து முடித்த புதுக் கட்டில் நின்றது. அதன்மேல் ஷிஹாத்தாவைப் போட்டார்கள். மிச்ச மீனும் கீரையும் வந்தன. தெமியானா தேநீர் கொண்டுவந்தாள். இரண்டாம் மாடிக்காரி தன் சோம்பேறிப் புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மணப்பொண்ணுக் கட்டில்ல மடவை மீனா! வாசம் போகவே போகாது" என்று தெமியானா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு ராத்திரி இருந்துட்டுப் போறேன்" என்றான் ஷிஹாத்தா.

அவன் பிறகு மாடி ஏறவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் மரம் அடுக்கி வைத்திருந்த அறையைப் பிஷாரா காலி செய்து கொடுத்து, மரத்தையெல்லாம் மூன்றாவது மாடிக்கு ஏற்றினான். மரம் வாய் பேசாது, அதனால் தூக்குவது சுலபம் என்று எல்லாரிடமும் சொன்னான். இன்ஸாஃபின் மிச்ச ஐந்து நாற்காலிகள் கீழே வந்தன. உடம்பு தேறியதும் அவள் துடுப்புக்குத் திரும்பினாள். முன் பலகையில் அவள் ஒரு ஜோடி, நாற்காலியில் அவன் ஒரு ஜோடி. யார் பக்கம் இழுவை குறைவு என்று அக்கரை போய்ச் சேரும்வரை சண்டை நடக்கும். அதைக் கேட்கவே சிலர் மற்றப் படகுகளை விட்டுவிட்டு இதற்குக் காத்திருந்தார்கள்.

அந்தக் கட்டிலைப் பார்க்க மறுவாரமே மணப்பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா மெத்தைப் பலகைக்குப் பக்கத்தில் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். "என்னங்க, இதுல ஏதோ..." என்று மூக்கைச் சுருக்கினாள். பிஷாரா ரம்பத்தைத் துடைப்பதில் மும்முரமாய் இருந்தான். பின்னறையிலிருந்து இன்ஸாஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மணப்பெண் அம்மாவைத் தள்ளிவிட்டுத் தானே குனிந்து ஆழமாய் முகர்ந்தாள்.

"ஷம்முன் நஸீம் வாசம்மா" என்றாள் அந்தப் பெண். "இதுவே இருக்கட்டும். வண்டியைக் கூப்பிடுங்க."